நலம் நாடி வந்தோரும் நடந்து வந்தோரும்: நுவரெலியாவின் இரு வரலாறுகள்

உடல் தேறும்பொருட்டுக் குறிப்பிட்டதோர் ஊரை நாடிச் செல்லும் வழக்கம் பல நாடுகளிற் காணப்படுவதாகும். யப்பானின் டோகோ, குசாற்சு முதலிய வெந்நீரூற்று நகரங்கள் நெடுங்காலப் பழமை வாய்ந்தவை. அந்நாட்டு உழவர் வேளாண்மை ஓய்ந்த காலத்தில் அரிசியையும் உடன்கொண்டு சென்று, வெந்நீரூற்றுகளருகே பன்னாள் தங்கி நீராடுவது மரபாயிருந்தது. உழைத்தவனே அங்கு ஓய்வுக்கும் உரியவனானான். இலங்கையின் மத்திய மலைநாட்டில் நலம் தரும் நகராக உருவாக்கப்பட்டது நுவரெலியா. இங்கு மருந்தெனக் கருதப்பட்டது நீரன்று, குளிர்ந்த காற்றாகும். அக்காற்று யாருக்கு மருந்தாயிற்று என்பதே இந்நகர் வரலாற்றின் முதன்மையான வினா.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின், இராணுவ மருத்துவரான ஜோன் டேவி 1819இல் இச்சமவெளியை அடைந்தார். அவரே இதனைக் கண்டுபிடித்தார் என்பது ஆங்கிலேயர் கூற்று. ஆயின், முன்னோர் மாணிக்கம் அகழ்ந்த குழிகள் இங்கிருந்தமையைப் பின்வந்த சாமுவேல் பேக்கரே குறிப்பிட்டுள்ளார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ், தாழ்நில வெப்பத்தால் நலிந்த ஐரோப்பியருக்கு இதனை உடல்தேற்றும் இடமாக்கினார். காய்ச்சலால் வருந்திய பேக்கரும் இங்கு வந்து நலம்பெற்று, 1848இல் ஆங்கிலக் குடியிருப்பொன்றை நிறுவ முற்பட்டார்.

அதே காலப்பகுதியில் வேறொரு மக்கட்கூட்டமும் மலையேறிற்று. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர், மன்னார்க் கரையிலிறங்கி, கங்காணியின் பின்னே நூறு மைலுக்கு மேற்பட்ட வறண்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர். நலம் நாடி வந்தவனுக்குப் பயணத்தின் முடிவில் ஓய்வு காத்திருந்தது. நடந்து வந்தவனுக்குக் காத்திருந்தது வேலை.

1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கொந்தராவில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு வேண்டியது பருவகால உழைப்பு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. ஆகவே தொழிலாளர் குடும்பங்களாக நிலைத்தனர். தேயிலையின் செல்வத்தோடு நகரும் வளர்ந்தது. கிறகறி வாவி 1873இலும், ஹில் கிளப் 1876இலும், கோல்ப் திடல் 1889இலும் தோன்றின. புகைவண்டிப்பாதை 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அது விருந்தினரை மேலே கொணர்ந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசென்றது.

நகரைச் சூழ்ந்த தோட்டங்களில், ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயன் அறையொன்றில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. கணப்படுப்பின் முன்னமர்ந்தவர்க்கு இன்பமாயிருந்த குளிர், கம்பளியைத் தலையிற் போர்த்தி மழையில் நின்று கொழுந்து பறித்தவர்க்கு நெஞ்சுச் சளியாயிற்று. தோட்ட மருத்துவத்துக்கென 1872இலும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டமை உண்மையே. எனினும் அவற்றின் நோக்கு தொழிலாளியை மீண்டும் மலைக்கு அனுப்புவதாயிருந்ததேயன்றி, அவனுக்கு ஓய்வளிப்பதாயிருக்கவில்லை. யப்பானிய உழவனுக்கு மரபு அளித்த உரிமையைக் குடியேற்ற ஆட்சி மலையகத் தொழிலாளிக்கு அளிக்கவில்லை.

ஆட்சி மாறியபின் நிலைமை மேலும் கடுமையாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மலைநாட்டிற் பிறந்து வளர்ந்தோர் எழுபதுகளில் மூட்டைகளுடன் ஹற்றன் நிலையத்திற் புகைவண்டியேறித் தலைமன்னாரை அடைந்து, கப்பலேறினர். விருந்தினரை மேலேற்றிய அதே பாதை, அம்மலையைப் பொன்விளையும் பூமியாக்கியவரைக் கீழிறக்கியது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

சித்திரை மாதத்தில் இன்றும் நுவரெலியா வசந்தகால விழாக்கோலம் பூணுகிறது. வருவோர் வாவியையும் பூங்காவையும் பழைய விடுதிகளையும் கண்டு மகிழ்கின்றனர். அவை யாவும் வரலாற்றுச் சின்னங்களே. ஆயின் அவற்றுக்கு அப்பாலுள்ள லயன் வரிசைகளும் அதே வரலாற்றின் சின்னங்கள் என்பதை உணராதவர், இந்நகரின் பாதியையே கண்டவராவர்.