ஒவ்வாமைத் தோல் குத்துச் சோதனை

ஒருவருக்கு எந்தப் பொருளால் ஒவ்வாமை வருகிறது என்பதை அறிய, அந்தப் பொருளின் சாற்றில் ஒரு துளியை முன்கையில் வைத்து, அதன் வழியே தோலை இலேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை இது. மருத்துவமனைகளில் 'பிரிக் டெஸ்ட்' என்பார்கள். தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை, கரப்பான், உணவு ஆகியவற்றால் வரும் உடனடி ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது இதுதான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்கான ஆயத்தத்தை ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மருத்துவராக இருந்த சார்லஸ் பிளாக்லி, தம்மை ஆண்டுதோறும் வாட்டிய தும்மலுக்குக் காரணம் தேடி, தம் தோலைக் கீறிப் புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். அந்த ஆய்வுகள் 1873இல் நூலாக வந்தன. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. தோல் ஏன் தடிக்கிறது என்பதற்கு 1960களின் பிற்பகுதியில்தான் விடை கிடைத்தது. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் சுவீடனில் யோஹன்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டறிந்த எதிர்ப்பொருளுக்கு 1968இல் ஐ.ஜி.இ என்று பெயரிடப்பட்டது. ஒவ்வாமை உள்ளவரின் தோலில் மாஸ்ட் செல்கள் இந்த ஐ.ஜி.இயைச் சுமந்து நிற்கின்றன. உரிய பொருள் வந்து பட்டதும் அவை ஹிஸ்டமினை வெளியேற்ற, 15 முதல் 20 நிமிடங்களுக்குள் கொசுக்கடி போன்ற தடிப்பு எழுகிறது.

மருந்துகளை நிறுத்துதல்

சோதனை வீணாவதற்கு முதன்மையான காரணம் ஆண்டிஹிஸ்டமின் மாத்திரைகள். செட்ரிசின், லீவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவற்றைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தெரிந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தெரியாமல் இன்னொன்றை விழுங்குவதுதான் இங்கே சிக்கல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையிலும் இருமல் சிரப்பிலும் குளோர்ஃபெனிரமின் கலந்திருப்பது வழக்கம். மாண்டெலுகாஸ்ட் சோதனையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, ஆனால் நம் ஊரில் அது பெரும்பாலும் லீவோசெட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கப்படுகிறது. எனவே அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயர்களைப் படிக்க வேண்டும். முடியாவிட்டால் அட்டைகளை அப்படியே கையோடு கொண்டுபோவது நல்லது.

தலைவலிக்கும் நரம்புவலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலினும் தடிப்பை அடக்கும். அதைத் தானாக நிறுத்தக்கூடாது, எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலரை எக்காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். முன்கையில் ஸ்டீராய்டு களிம்பு பூசுபவர்களும், புரோப்ரனலால், அட்டெனலால் போன்ற மருந்துகள் எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவுற்றவர்களுக்கும், மூச்சிரைப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் சோதனை தள்ளிவைக்கப்படும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அண்மையில் வந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்கச் சொல்வார்கள்.

நோயின் கதை

எந்தெந்தச் சாற்றை வைத்துப் பார்ப்பது என்பதை மருத்துவர் நோயாளி சொல்வதை வைத்தே தீர்மானிக்கிறார். பாயை உதறும்போது தும்மல் வருகிறதா, மழைக்காலத்தில் ஈரச்சுவர் உள்ள அறையில் மூச்சு இழுக்கிறதா, இறால் சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் உதடு வீங்கியது, அன்று வேறென்ன சாப்பிட்டார், வலி மாத்திரை ஏதும் போட்டிருந்தாரா என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். தோல் தடிப்பு மருத்துவரைப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும் என்பதால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது பெரிய உதவி. பாக்கெட் உணவானால் உறையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோகலாம்.

சோதனை நாள்

வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. முன்கையில் எண்ணெயோ கிரீமோ தடவாமல், சட்டைக் கையை எளிதாக மடிக்கும்படி உடுத்தினால் போதும். செவிலியர் பேனாவால் எண்கள் இட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு துளி வைப்பார். துளிகளுக்கிடையே சுமார் 2 செ.மீ. இடைவெளி இருக்கும். லான்செட் முனை மேல்தோலை மட்டும் துளைப்பதால் பொதுவாக இரத்தம் வராது. பிறகு அரிக்கும், சொறியக்கூடாது. குழந்தைகளோடு போகும் பெற்றோர் இதை முன்பே சொல்லி, அந்தக் கால் மணி நேரத்துக்கு ஒரு கதைப் புத்தகம் எடுத்துப்போகலாம்.

துளிகளில் ஒன்று ஹிஸ்டமின், இன்னொன்று வெறும் உப்புநீர்க் கரைசல். ஹிஸ்டமின் தடிக்காவிட்டால் ஏதோ மருந்து உடலில் மிச்சமிருக்கிறது என்று பொருள். உப்புநீரும் தடித்தால், தொட்டாலே தடிக்கும் தோல் அது. இரண்டும் சரியாக இருந்தால், உப்புநீர் இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக எழும் தடிப்பை 'பாசிட்டிவ்' என்பார்கள். கடும் எதிர்விளைவு மிக அரிது. என்றாலும் அட்ரினலின் ஊசி கைவசம் உள்ள இடத்திலேயே இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

முடிவைப் படித்தல்

தடிப்பு எழுந்தால் உடலில் அந்தப் பொருளுக்கான ஐ.ஜி.இ இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அதனால் நோய் வருகிறது என்பது உறுதியாகாது. தூசிப்பூச்சியிலும் இறாலிலும் டிரோபோமயோசின் என்ற ஒத்த புரதம் இருக்கிறது. அதனால் தூசி ஒவ்வாமை உள்ளவர், காலமெல்லாம் இறால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர், இறாலுக்கும் தடிப்புக் காட்டலாம். தடிப்பின் அளவும் நோயின் கடுமையைச் சொல்லாது. இதை விளங்கிக்கொள்ளாமல் தாளில் உள்ள பட்டியலைப் பார்த்து, வளரும் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் பருப்பையும் ஒருசேர நிறுத்துவது பெரும் தீங்கு. ஐயம் இருந்தால், மருத்துவமனையில் வைத்து அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி.

தோல் நோய் பரவியிருப்பவர்களுக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும் இரத்தத்தில் ஐ.ஜி.இ பார்க்கலாம். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி பார்ப்பதாக விற்கப்படும் இரத்தப் பரிசோதனைகளை ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. சிமென்ட், நிக்கல், தலைச்சாயம் ஆகியவற்றால் வரும் தோல் அழற்சிக்கு 48 மணி நேரம் முதுகில் ஒட்டிவைக்கும் 'பேட்ச் டெஸ்ட்' வேண்டும். ஆறு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் வந்துபோகும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் வெளிப்பொருள் எதுவும் காரணமில்லை. அதற்குக் குத்துச் சோதனை தேவைப்படுவதில்லை, ஆண்டிஹிஸ்டமினை மருத்துவர் சொல்லும் அளவில் தொடர்ந்து எடுப்பதே முதல் சிகிச்சை.