டேப் போதுமா, லேப்டாப் வேணுமா? 25,000 ரூபாய் சீட்டுப் பணமும் ஒரு தருமபுரிக் கணக்கும்!

பென்னாகரத்திலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அண்ணா, அப்பா சீட்டு எடுத்துட்டாரு. 25,000 ரூபா என் படிப்புக்குன்னு ஒதுக்கியிருக்காரு. டேப் வாங்கட்டுமா, லேப்டாப் வாங்கட்டுமா? கிளாஸ்ல பாதிப் பேரு டேப்தான் வெச்சிருக்காங்க!"

அவள் பி.காம் முதலாம் ஆண்டு. சித்தப்பாவுக்குத் தக்காளித் தோட்டம்தான் வருமானம். அடுத்த சீட்டு எடுக்க குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆகும். இப்போ தப்பான பொருளை வாங்கிவிட்டால், அதை மாற்றுவதற்குள் டிகிரியே முடிந்துவிடும். அதனால் "ஏதாவது ஒண்ணு வாங்கும்மா" என்று சொல்லிவிட்டு நழுவ முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே கேள்வி தமிழக அரசுக்கும் வந்தது. 2025 மார்ச் 14-ம் தேதி தாக்கலான பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி 'கைக்கணினி அல்லது மடிக்கணினி' என்று அறிவித்தார்கள். அந்த 'அல்லது' ரொம்ப நாள் தாங்கவில்லை. எல்காட் டெண்டர் விட்டது லேப்டாப்புக்குத்தான். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி என்ற அளவில். 2026 ஜனவரியில் விநியோகமும் தொடங்கியது. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்பதால், நம்ம பொண்ணு இன்னும் வரிசையில் பின்னால்தான்.

2011-ல் நடந்த போட்டி

கொஞ்சம் பின்னால் போவோம். 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் ஜெயலலிதா. மூன்றே வாரத்தில், அக்டோபர் 5-ம் தேதி, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தார். மாணவர்களுக்கான மலிவு டேப் என்று உலகமே பேசியது. 7 இன்ச் திரை, 256 எம்பி ராம். விரலால் தடவினால் நகராது, அழுத்தணும். அந்த ஆகாஷை இன்று பார்ப்பது அபூர்வம். ஆனால் அந்தக் காலத்து அரசு லேப்டாப் ஒன்று எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கே' பட்டன் விழுந்துபோச்சு. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி போட்டிருக்கிறார்கள். பேட்டரி செத்து, சார்ஜர் மாட்டினால்தான் உயிர் வரும். ஆனாலும் பிரின்ட் வருகிறது.

நான் கவனிக்கச் சொல்வது அந்த எஸ்.எஸ்.டி-யைத்தான். பெரும்பாலான லேப்டாப்பைத் திறக்கலாம், பாகம் மாற்றலாம். டேப்பைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். டிஸ்ப்ளே உடைந்தால் பல சமயம், மாற்றும் செலவைக் கேட்டதும் புதுசே வாங்கிடலாம் போலத் தோன்றும்.

டேப் ஜெயிக்கும் இடங்கள்

அதுக்காக டேப்பை மட்டம்தட்ட நான் ரெடி இல்லை. அரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தருமபுரிக்கு வந்து போகிற ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் மடியில் டேப்பை வைத்து ஒரு பாடத்தை முடித்துவிடலாம். லேப்டாப்பை அந்தக் கூட்டத்தில் விரிக்கவே முடியாது. சிம் போடும் மாடலாக இருந்தால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடும் வேலையும் மிச்சம். வத்தல்மலை, சித்தேரி பக்கம் மழை வந்தால் கரன்ட் போவது புதுசில்லை. போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்க்கே டேப்புக்கும் போதும். லேப்டாப்புக்கு 45, 65 வாட் கொடுக்கும் பெரிய பவர் பேங்க் வேணும், அதுவும் டைப்-சி சார்ஜிங் இருந்தால்தான்.

டி.என்.பி.எஸ்.சி படிப்பவர்களுக்கு டேப் நிஜமாகவே வரம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடநூல் பி.டி.எஃப்-களை இறக்கி, ஸ்டைலஸால் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி வைக்கலாம். நர்ஸிங், மருத்துவம், சட்டம் என்று வாசிப்பு அதிகமுள்ள படிப்புகளுக்கும் இதே கதைதான். நம் அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்திருப்பதும் டேப்தான். வகுப்பில் நடந்துகொண்டே பிள்ளைகளுக்கு வீடியோ காட்டுகிற, மதிப்பீட்டைப் பதிவு செய்கிற வேலைக்கு அதுதான் பொருத்தம். பார்ப்பது, படிப்பது, கையால் எழுதுவது, மீட்டிங்கில் உட்காருவது... இது நாலும் உங்கள் வேலையில் முக்கால்வாசி என்றால் டேப்பே வாங்கிக்கோங்க.

மாட்டிக்கொள்ளும் இடம்

சித்தி மகளிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "சிலபஸை வாட்ஸ்அப்ல அனுப்பு." அனுப்பினாள். மூன்றாவது பக்கத்தில் இருந்தது டாலி.

டாலி பிரைம் விண்டோஸில் ஓடும் சாஃப்ட்வேர். ஆண்ட்ராய்டு டேப்பில் அதை நேரடியாக இன்ஸ்டால் பண்ண முடியாது. லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே பழகலாம் (மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும், பரவாயில்லை, கற்றுக்கொள்ள அது போதும்). இந்த ஒரு வசதிக்காகவே பி.காம் பிள்ளைகளுக்கு விண்டோஸ் தேவை. தருமபுரியிலோ ஓசூரிலோ ஆடிட்டர் ஆபீஸில் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே "டாலி தெரியுமா?"தான்.

எக்ஸெல்லும் அப்படித்தான். டேப்பில் எக்ஸெல் இருக்கு, கூட்டல் கழித்தல் எல்லாம் வரும். ஆனால் மேக்ரோ ஓடாது. இன்னொரு சூட்சுமம் பலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸ் ஆப்களில் இலவசமாக எடிட் செய்ய முடிவது 10.1 இன்ச் வரையிலான திரையில்தான். பெருசா இருக்கட்டுமே என்று 11 இன்ச் டேப் வாங்கினால், எடிட் பண்ண சந்தா கேட்கும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் இலவசம்தான்; ஆனால் கல்லூரியில் கொடுத்த ஃபைலின் ஃபார்மேட் அதில் அங்கங்கே குலையும்.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒன்றும் உண்டு: வானவில், பாமினி மாதிரியான பழைய தமிழ் எழுத்துருக்கள். டி.டி.பி சென்டரிலிருந்தோ, ஏதாவது அலுவலகத்திலிருந்தோ வரும் வேர்டு ஃபைலை டேப்பில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகப் பல்லைக் காட்டும். லேப்டாப்பில் அந்த எழுத்துருவை இன்ஸ்டால் செய்தால் அடுத்த நிமிஷம் சரியாகிவிடும். டேப்பில் அது லேசில் நடக்காது. அனுப்புகிறவரிடம் "பி.டி.எஃப்-ஆ அனுப்புங்க சார்" என்று கெஞ்ச வேண்டியதுதான். விண்டோஸ் 11-ல் தமிழ்99 கீபோர்டு உள்ளேயே இருக்கு என்பது கூடுதல் லாபம்.

இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. ஆட்டோகேட், மேட்லேப், கோடிங் என்று எதை எடுத்தாலும் முழு வடிவம் கம்ப்யூட்டரில்தான். கேம்பஸ் இன்டர்வியூவின் ஆன்லைன் தேர்வுகளில் பல, மொபைல், டேப்பில் திறக்கவே திறக்காது. தேர்வு நாளன்று காலையில் நண்பனின் லேப்டாப்பைக் கடன் கேட்டு அலைவதைவிடக் கொடுமை வேற இல்லை.

"கீபோர்டு மாட்டிக்கலாமே, அண்ணா?"

அடுத்த கேள்வி இதுதான் வந்தது. மாட்டலாம். கணக்கைப் பார்ப்போம். 2025-ல் வந்த சாதாரண ஐபேட் இந்தியாவில் 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது. ஆப்பிளின் சொந்தக் கீபோர்டு ஃபோலியோ 24,900. ரெண்டும் சேர்த்தால் 59,800. அந்தக் காசுக்கு நல்ல லேப்டாப்பே வந்துவிடும். ஆண்ட்ராய்டில் மலிவான புளூடூத் கீபோர்டு கிடைக்கும்தான். ஹாஸ்டல் கட்டிலில் சம்மணம் போட்டு மடியில் வைத்து டைப் செய்து பாருங்கள்; டேப் ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம் சாயும். மேஜை இருக்கிற வீட்டுக்குச் சரி. பென்னாகரம் வீட்டில் இருந்தது ஒரு தையல் மெஷின் மேஜை, அதுவும் சித்தியுடையது.

25,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் கிடைக்காதா என்றால், கிடைக்கும். அங்கேதான் ஜாக்கிரதை. செலரான் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் என்று பளபளவென்று நிற்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கே அந்த 64 ஜிபி திணறும். என்னைக் கேட்டால் அதற்கு டேப்பே மேல். குரோம்புக் என்று ஒன்றைக் காட்டினால், அதிலும் டாலி ஓடாது என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நாங்கள் போன வழி செகண்ட் ஹேண்ட். தருமபுரிக்காரர்களுக்கு பெங்களூரு பக்கம். அங்கே எஸ்.பி ரோட்டில் ஐ.டி கம்பெனிகள் கழித்த பிசினஸ் லேப்டாப்புகள் குவிந்து கிடக்கும். பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே விண்டோஸ் 11-க்கு முறைப்படி ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. "ஐ7 சார், சூப்பர் மெஷின்" என்று கடைக்காரர் ஆறாம் தலைமுறையை நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். நோட்பேடைத் திறந்து எல்லா பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள். கேமரா, மைக், வைஃபை, எல்லா யு.எஸ்.பி ஓட்டையும் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லும், குறைந்தது ஒரு மாத வாரன்டியும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீங்க.

ஓசூரில் வேலை பார்க்கும் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவந்தார். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. 18,500 ரூபாய். பேட்டரி பாதிதான் தாங்கியது. புதுசு மாற்ற இன்னொரு 2,800. மீதி 3,700-ல் ஒரு பை, ஒரு மவுஸ், மிச்சம் சித்தியிடம். வீடியோ பார்க்க அவளிடம் போன் இருக்கவே இருக்கு.

போன வாரம் பேசும்போது "டாலி எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"எங்கண்ணா உக்கார விடறாங்க? அப்பா சீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துன்னு பக்கத்துலயே உக்காந்திருக்காரு."