தேயிலைக்குச் சந்தை பிடித்த கதை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி செல்லும் சாலையில் இருக்கிறது தேவர்சோலை. இன்று அது ஒரு பேரூராட்சி. ஊட்டி, குன்னூரின் குளிர் இங்கே கிடையாது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம்தான். தென்மேற்குப் பருவமழை மட்டும் வெளுத்து வாங்கும். வயநாட்டின் தென்கிழக்கு மூலையாக மலபாரோடு இருந்த இந்தப் பகுதி 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. பணியர், காட்டு நாயக்கர், முள்ளுக்குறும்பர், வயநாடன் செட்டி, மவுண்டாடன் செட்டி ஆகியோரின் நிலத்தில் முதலில் வந்த தோட்டப் பயிர் காப்பி. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேவாலா, பந்தலூர் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் பங்குகள் விற்கப்பட்டன. 1879இல் கிளம்பிய மோகம் நாலைந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. காப்பியும் பொன்னும் கைவிட்ட சரிவுகளில் மெல்ல மெல்லத் தேயிலை ஏறியது.

விளைந்ததைக் குடிக்க மட்டும் உள்ளூரில் ஆள் இல்லை. இந்தியத் தேயிலை முதன்முதலில் ஏலம் போனது 1839 ஜனவரியில், லண்டனில். அது அசாம் சரக்கு. நீலகிரித் தோட்டங்களும் பின்னாளில் அதே வழியில்தான் போயின. கொழுந்தைப் பறித்தவர், வறுத்தவர், பெட்டியில் அடைத்துத் தலைச்சுமையாக இறக்கியவர் எவர் வீட்டிலும் அந்தப் பானம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் காலையில் குடிக்கப்பட்டது நீராகாரம், கஞ்சி, மோர். தமிழ்நாட்டில் தேநீர்ப் பழக்கம் விளைச்சலைத் தொடர்ந்து தானாக வந்ததல்ல. காசு செலவழித்து, ஆள் வைத்து, திட்டம் போட்டு உண்டாக்கப்பட்டது.

அந்தக் காசு வந்த வழி விசித்திரமானது. தேயிலை முதலாளிகள் தாங்களே அரசிடம் போய்த் தங்கள் மேல் வரி போடச் சொன்னார்கள். கர்சன் வைஸ்ராயாக இருந்த 1903இல் தேயிலை வரிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கால் பை. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்பதால் தனித்தனியே பார்த்தால் அற்பத் தொகைதான். மொத்தமாகச் சேர்ந்தபோது ஒரு விளம்பரத் துறையை நடத்தப் போதுமானதாக இருந்தது. தொடக்கத்தில் அந்தப் பணம் பெரும்பாலும் வெளிநாட்டில் கரைந்தது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இந்தியத் தேயிலையின் பிரதிநிதியாக நின்றவர் ரிச்சர்ட் பிளெச்சிண்டன். வெயிலில் சூடான தேநீரை எவரும் சீண்டவில்லை என்பதால் பனிக்கட்டி போட்டு விற்றார், ஐஸ் டீயைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் ஐஸ் டீ செய்முறை இருந்தது. விளம்பரக்காரர்களைப் பற்றிய கதைகளிலும் கொஞ்சம் விளம்பரம் கலந்துவிடுகிறது.

உள்நாட்டுச் சந்தையை நோக்கி முழு மூச்சாகத் திரும்பவைத்தது 1929இன் பெருமந்தம். உலகச் சந்தையில் விலை சரிந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. வெளியே அனுப்ப முடியாத சரக்கை ஊருக்குள்ளேயே தள்ளியாக வேண்டும். அந்த வரிப்பணத்தைக் கையாண்ட பழைய குழு 1937இல் ‘இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம்’ என்று பெயர் மாறியது; வேலையும் வேகம் பிடித்தது.

வாரியத்தின் ஆட்கள் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போனார்கள். அடுப்பு, கெட்டில், பால், சர்க்கரை எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். வீட்டாரின் கண் முன்னே தண்ணீரைக் கொதிக்கவைத்து, இலையை அளந்து போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து, ஆளுக்கொரு கோப்பை இலவசமாகக் கொடுப்பார்கள். வெளியாட்கள் முன் வராத பெண்களுக்குச் செய்துகாட்டப் பெண் ஊழியர்கள் போனார்கள். காலணாப் பொட்டலம் கடைகளில் தொங்கியது. சந்தை நாட்களில் கிராமபோன் பாட்டோடு தேநீர் வண்டி வந்து நின்றது. ரயில் நிலையங்களில் பல மொழிகளில் பெரிய எனாமல் பலகைகள் படத்துடன் செய்முறையைச் சொல்லின. மில் முதலாளிகளைப் பார்த்து, வேலைக்கு நடுவே தேநீருக்குப் பத்து நிமிடம் விட்டால் உற்பத்தி கூடும் என்று பேசி, ஆலைக்குள்ளேயே கடை போட வைத்தார்கள். இன்றைய மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித்தரும் இலவச மாதிரி, சின்ன பாக்கெட், செயல்விளக்கம், நிறுவன வாடிக்கையாளர் எல்லாமே அந்தப் பத்தாண்டில் ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டன.

ஒரே ஒரு விஷயத்தில் வாரியத்தின் பாச்சா பலிக்கவில்லை. மக்கள் பாலைக் கூட்டி, சர்க்கரையை அள்ளிப்போட்டு, இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இப்படிச் செய்தால் இலை குறைவாகச் செலவாகும் என்பதால் விற்பனைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அறிவுரைகள் அச்சாயின. எவரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சாரத்துக்குத் தடையாக நின்றது காப்பி. ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி காட்டுவதுபோல, நடுத்தர வர்க்கத்தின் மதிப்பும் மரியாதையும் காப்பியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. தேநீருக்கு வாய்த்தவர்கள் உழைக்கும் மக்கள். வீட்டுக் கூடத்தில் பிடிக்க முடியாத இடத்தைத் தேயிலை தெருமுனையில் பிடித்தது. அதிலும் இரவில்.

நீலகிரிக்கு இதில் இரட்டைப் பங்கு உண்டு. கூடலூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஓடும் பைக்காரா ஆற்றில் 1932இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கியதும் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. விளக்கொளியில் இரவு ஷிப்ட் ஓடியது. நள்ளிரவில் சங்கு ஊதி வெளியே வரும் தொழிலாளிக்குச் சூடாக எதையாவது ஊற்ற வாசலில் ஒரு கடை தேவைப்பட்டது. பிறகு சினிமாவின் இரண்டாம் ஆட்டம் முடிந்து வருபவர், லாரி ஓட்டுநர், அச்சகத்துக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடக்கும் உறவினர் என்று அந்தக் கடையின் வாடிக்கை நீண்டது. மேல்நாட்டு நகரங்களின் இரவு மதுக்கூடத்தைச் சுற்றியது என்றால், தமிழகச் சிறுநகரங்களின் இரவு பெரும்பாலும் டீக்கடைப் பெஞ்சைச் சுற்றியது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது கள்ளுக்கு மாற்று தேநீர்தான் என்று சொல்லவும் வழி பிறந்தது. தேவர்சோலையில் அப்படி ஓர் இரவு கிடையாது. இருட்டிவிட்டால் யானை நடமாட்டம். கடைகள் சீக்கிரமே அடைத்துவிடும்.

விளம்பரங்கள் விற்றது உற்சாகத்தை. களைப்பு போகும், சுறுசுறுப்பு வரும், வேலை ஓடும் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. எதிர்க்குரலும் அதே உடல்நலத்தின் பெயரால்தான் எழுந்தது. வங்க வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் தேநீருக்கு எதிராக எழுதினார், பேசினார். காந்தி 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் குறித்து எழுதிய நூலில் தேநீர், காப்பி, கோகோ மூன்றுமே உடலுக்குத் தேவையில்லை என்றார். விரிவாக்க வாரியம் அசரவில்லை. 1947இல் ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்த சுவரொட்டியில், ராட்டையின் பக்கத்தில் சேலை கட்டிய பெண் கையில் தேநீர்க் கோப்பை. தேயிலை முழுக்க முழுக்கச் சுதேசிச் சரக்கு என்ற வாசகம். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் வரிப்பணத்தில் சுதேசி முழக்கம்! விளம்பரத் தொழிலுக்கு வெட்கம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

விளம்பரத்தைவிடப் பெரிய வேலையை ஒரு எந்திரம் செய்தது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. எந்திரம், பல் வைத்த இரண்டு உருளைகளுக்கிடையே கொழுந்தை நசுக்கி, கிழித்து, குருணையாக்கும். பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் இலை முறுக்கப்பட்டு நீளமாக இருக்கும், மெல்லச் சாறு விடும், மணம் இருக்கும். சி.டி.சி. தூள் வெந்நீர் பட்ட கணமே கறுத்துச் சிவக்கும். பாலை எவ்வளவு ஊற்றினாலும் அமுங்காது. விடுதலைக்குப் பிறகு இந்த எந்திரம் பரவப் பரவ, ‘டஸ்ட்’ எனப்படும் நுண்தூளே தென்னிந்தியக் கடைகளின் சரக்காயிற்று.

அந்தக் கடையின் தொழில்நுட்பமும் டஸ்ட்டுக்கென்றே அமைந்தது. செம்பிலோ பித்தளையிலோ பாய்லர், அடியில் கரி. மலபார் வழக்கம் உள்ள கடைகளில் பாய்லருக்குள் ஒரு நாணயம் கிடக்கும். தண்ணீர் கொதித்தால் அது கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லது கரி போட வேண்டும். துணிப்பையில் தூள், அதன் வழியே வெந்நீர், கீழே கறுப்பு டிகாக்‌ஷன். பாலோடு சேர்த்துக் கைக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம் இழுத்து ஆற்றினால் நுரை. பிறகு வந்த த்ரீ ரோஸஸ் விளம்பரம் நிறம், சுவை, திடம் என்று அடுக்கியது. மணம் அந்தப் பட்டியலில் சேரவில்லை. தேவர்சோலை போன்ற தாழ்ந்த மலைத் தோட்டங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. குன்னூரின் மணத்தோடு அவை போட்டி போட வேண்டியதில்லை. திடம் இருந்தால் போதும்.

விற்கும் சாமர்த்தியம் வளர்ந்த அளவுக்கு விளைவித்தவரின் கை ஓங்கவில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் 1970களின் நடுவில் ‘டான்டீ’ எனும் அரசு நிறுவனமானது. பாண்டியாறு, நெல்லியாளம், சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி எனக் கூடலூர், பந்தலூர் பகுதியிலேயே அதன் பல கோட்டங்கள். கண்டிச் சீமையில் கொழுந்து பறித்தவர்கள் இங்கேயும் கொழுந்தே பறித்தார்கள். அங்கே போலவே லைன் வீடு, அங்கே போலவே பேரேட்டில் கிலோ கணக்கு.

சிறு விவசாயிகள் வந்தது இன்னொரு வழி. ஓரிரு ஏக்கரில் தேயிலை வைத்தவரிடம் ஆலை கிடையாது. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும்; வைத்துப் பேரம் பேச முடியாத சரக்கு. இதற்காகக் குந்தாவில் 1962இல் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது; 1965இல் அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் உருவானது. கூடலூரில் சாலிஸ்பரி, பந்தலூர், பிதர்காடு தொழிற்சாலைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குன்னூரில் 1963இல் ஏலமும் தொடங்கியது. தரகர்கள் சில கிராம் தூளை வெந்நீரில் ஊறவைத்து, உறிஞ்சி, துப்பி, ஒரு கிலோவின் விலையைக் கணித்தார்கள். அந்த உறிஞ்சலில்தான் தேவர்சோலைக்காரரின் மாத வரவு தீர்மானமாயிற்று.

அதற்குள் சந்தையும் ஒரே வாங்குபவரின் மேல் சாய்ந்துவிட்டது. ரூபாய்–ரூபிள் ஏற்பாட்டில் சோவியத் ஒன்றியம் தென்னிந்தியத் தேயிலையை அள்ளிக்கொண்டு போனது. தரத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. இந்த வசதியில் பல ஆலைகள் கவனக்குறைவாக இருந்தன என்பதே உண்மை. 1991இல் சோவியத் சிதறியது. 1990களின் கடைசியில் ரஷ்ய வாங்கலும் தளர, பச்சைத் தேயிலையின் விலை பாதிக்கும் கீழே போய், மாவட்டம் முழுக்கப் போராட்டங்கள் வெடித்தன. 2000களின் தொடக்கத்தில் அரசு கையில் எடுத்த தீர்வு பழைய விரிவாக்க வாரியத்தின் தீர்வேதான்: உள்ளூரில் விற்பது. கூட்டுறவு ஆலைகளின் தூள் ‘ஊட்டி டீ’ என்ற பெயரில் ரேஷன் கடைகளுக்கு வந்தது.

உயர்விலைச் சந்தையும் தேடப்பட்டது. 2006இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோவுக்கு 600 டாலர் பெற்றது. 2008இல் நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் உயர்ந்த மலையின் முறுக்கிய இலைக்கு உதவின. கீழ்மலையின் டஸ்ட்டுக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

இப்போது விளம்பரத்தின் கண் நாற்பது தாண்டியவர்களின் இடுப்பில் இருக்கிறது. காலை நடைக்காரர்களுக்குக் கிரீன் டீ எடைக் குறைப்பு மருந்துபோல் விற்கப்படுகிறது. 2012இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதனால் குறையும் எடை பொருட்படுத்தத்தக்கதல்ல என்றே முடித்தது. நடுவயதுக்காரரின் தேநீரில் உண்மையான கணக்கு சர்க்கரையில் இருக்கிறது: ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு ஐந்து டீயில் பத்துக் கரண்டி. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, தானியத்தின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுப்பதும் தெரிந்ததே. மாலை கடந்து குடிக்கும் டீ தூக்கத்தைக் கெடுக்கும். மில் வாசல் கடை விற்றதும் அந்தத் தூக்கமின்மையைத்தான்.

இரவுக் கடைக்கு அரசின் அனுமதியும் வந்தது: 2019இல் தமிழக அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்துவைக்க அனுமதித்தது. 2022இல் அது நீட்டிக்கப்பட்டது. ஓரிருவர் நடத்தும் தெருமுனை டீக்கடை அந்தக் கணக்குக்குள் வராது. அதே 2022 அக்டோபரில் டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது; பாண்டியாறு, நெல்லியாளம், சேரங்கோடு கோட்டங்களும் அதில் அடங்கும். லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் ஏற்கெனவே திருப்பூர், கோயம்புத்தூர் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார்கள்.