நீளவால் சேவலின் நெடுங்கதை



பரிசளிப்பு விழா மலரில் மன்னர்களைப் பற்றியும் மாமேதைகளைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். "என்னடா இது, கோழியைப் பத்தி ஒரு வரலாறா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், பாதகமில்லை. படித்து முடித்தபின் உங்கள் வீட்டு வாசலில் மேயும் சேவலை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தால் எனக்கு அது போதும்.

பாட்டன் நம் காட்டில் இருக்கிறான்

விடியற்காலையில் மரம் வெட்டப் போனவர்களுக்குத் தெரியும். பாலிங் வட்டாரத்துக் காட்டோரத்திலிருந்து ஒரு கூவல் கேட்கும். வீட்டுச் சேவல் மாதிரியே இருக்கும். ஆனால் கடைசி இழுப்பு சட்டென்று அறுந்துபோகும். அதுதான் காட்டுக்கோழி. மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹுத்தான்' என்பார்கள்.

உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை இந்தச் செந்நிறக் காட்டுக்கோழிதான் என்று சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். சிந்துவெளியில்தான் மனிதன் முதலில் கோழி வளர்த்தான் என்று வெகுகாலம் பலரும் நம்பினார்கள். 2020-இல் 863 கோழிகளின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழ்ந்த ஒரு காட்டுக்கோழிக் கிளையே மூலம் என்றார்கள். அதே கிளையைச் சேர்ந்த கோழிதான் நம் மலாயாத் தீபகற்பத்துக் காட்டிலும் வாழ்கிறது!

அது மனிதனிடம் வந்து சேர்ந்தது எப்படி? தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கோழி எலும்புகள் கிடைத்தன. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்திய மணியைப் பொறுக்க வந்த காட்டுக்கோழி, மெல்ல மெல்ல வீட்டுக்கோழி ஆனது என்பது 2022-இல் வெளிவந்த ஆய்வின் கருத்து. நெற்களஞ்சியமான கெடாவில் வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லில் நின்ற கோழி

தமிழனுக்கும் சேவலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. முருகப் பெருமானின் கொடியில் நிற்பது சேவல். சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழியூர் என்றும் பெயர் உண்டு. ஒரு கோழி யானையையே எதிர்த்து வென்ற இடம் அது என்று கதை சொல்வார்கள்.

இதைவிட அதிசயம் ஒன்று இருக்கிறது. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நடுவது பழந்தமிழர் வழக்கம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். விழுப்புரம் பக்கத்திலுள்ள அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கோழிக்கே நடுகல் நட்டிருக்கிறார்கள்! கல்லில் சேவலின் உருவத்தைச் செதுக்கி, அது எந்தச் சேரியின் கோழி என்பதையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். சண்டையில் செத்த ஒரு கோழியை ஊரே மறக்க விரும்பவில்லை.

கிளிமூக்கு விசிறிவால்

அந்தச் சண்டைச் சேவல் பரம்பரையில் வந்ததுதான் தமிழகத்தின் அழகுக் கோழியான கிளிமூக்கு விசிறிவால். மூக்கு கிளியின் அலகுபோல் குட்டையாக வளைந்திருக்கும். கழுத்து நிமிர்ந்திருக்கும். வால் விசிறியாக விரிந்து, நீண்டு, தரையைத் தொடும். இதைச் சண்டைக்கு விடுவதில்லை. திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்கென்றே கண்காட்சி நடத்துகிறார்கள். மூக்கு, தலை, உயரம், நிறம், வால் எல்லாவற்றையும் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். நல்ல சேவல் பல ஆயிரம் ரூபாய்க்கு, சில சமயம் லட்சத்துக்கும் மேல் விலை போகிறது.

இதை வளர்ப்பது லேசான காரியமா? அடைவைத்த முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். ஆனால் வால் முழுசாக இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் வால் முறியாதபடி உயரமான இடத்தில் தங்கவைக்க வேண்டும். தரையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஈட்டில் பிறந்த குஞ்சுகளில் மூக்கும் வாலும் சேர்ந்து அமைவது ஒன்றிரண்டுக்குத்தான். அதைத் தேர்ந்தெடுத்து, பொருத்தமான பெட்டையோடு சேர்த்து, மறுபடியும் காத்திருக்க வேண்டும். ஒரே இரத்தத்தில் திரும்பத் திரும்பச் சேர்த்தால் குஞ்சு நோஞ்சானாகும் என்பதால் வேறிடத்துச் சேவலையும் தேட வேண்டும். இத்தனையையும் செய்கிறவர்களில் பலர் சாதாரண விவசாயிகள்.

சப்பான் காட்டிய வழி

வால் நீளத்தில் உலகத்தையே வியக்கவைத்தது சப்பானின் ஓனகதோரி. பிறந்த இடம் ஷிகோகு தீவிலுள்ள தோசா நாடு; இன்றைய கோச்சி மாநிலம். அந்நாட்டுப் பிரபுவின் ஊர்வலத்தில் ஈட்டிகளை அலங்கரிக்க நீண்ட இறகு தேவைப்பட்டது. அதற்காகக் குடியானவர்கள் நீளவால் சேவல்களைத் தேர்ந்து வளர்த்தார்கள். மற்றக் கோழிகள் வருஷத்துக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும். இந்தச் சேவலின் வாலிறகு உதிராமல் வளர்ந்துகொண்டே போகும். 10 மீட்டரைத் தாண்டிய வாலும் பதிவாகியிருக்கிறது. வால் அழுக்காகாமல் இருக்க, உயரமான குறுகிய பெட்டியில் மேல்தட்டில் சேவலை நிற்கவைத்து வளர்ப்பார்கள்.

பிரபுக்கள் காலம் முடிந்தது. ஈட்டி ஊர்வலமும் முடிந்தது. அப்போது கோழியும் அழிந்திருக்க வேண்டும். ஆனால் சப்பானிய அரசு 1923-இல் அதை இயற்கை நினைவுச் சின்னமாகவும், 1952-இல் சிறப்பு நினைவுச் சின்னமாகவும் அறிவித்துக் காத்தது.

நம் நாட்டுக்கும் ஓர் அழகுக் கோழி உண்டு. கிளந்தானில் உருவான செராமா, நெஞ்சை நிமிர்த்தி வாலை நட்டுக்கொண்டு நிற்கும் குட்டிக் கோழி. 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, நோயைத் தடுக்கக் கோழிகளை அழிக்க வேண்டி வந்தது. பல வருஷம் பொறுக்கி வளர்த்த செராமாக்களும் அதில் போயின. அரிய இனம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் இதுதான் ஆபத்து.

நம் வீட்டு வரலாறு

அன்பர்களே! சேவற்சண்டையை நான் புகழ வரவில்லை. வாயில்லா ஜீவனைச் சண்டைக்கு விடுவதை இந்தியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமும், நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் தடுக்கின்றன. அது நியாயமே. சண்டையை விட்டுவிட்டு அழகை மட்டும் காப்பாற்ற முடியும் என்பதற்குத்தான் கிளிமூக்கு சாட்சி.

சிறுவயதில் நாங்கள் லயத்தில் இருந்தபோது, என் தாத்தா சேவலைப் பார்த்த மாத்திரத்தில் "இது கீரி, அது காகம், இவன் மயில்" என்று நிறத்துக்கு ஒரு பேர் சொல்லுவார். இன்னும் எத்தனையோ பேர் சொன்னார். எனக்கு நினைவில் நிற்பது இந்த மூன்றுதான். எழுதிவைக்கத் தோன்றவில்லை. தாத்தா போனார், மற்றப் பேர்களும் அவரோடே போய்விட்டன. திண்டுக்கல் கண்காட்சியில் சேவல்களை அதே பேர்களால் அழைக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்குக் கோழிக்கூடு வைக்க இடமில்லை. கோழி இல்லாவிட்டால் போகட்டும், சொல்லையாவது காப்பாற்றலாமே!

ஆகவே மாணவர்களே, இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். "அந்தக் காலத்துல என்ன கோழி வளர்த்தீங்க? அதுக்கு என்ன பேர் வச்சீங்க?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். நம்மைப் பற்றிய வரலாற்றை நாம்தான் எழுதவேண்டும்.