மரமல்லாத காகித நார்கள்

மரமல்லாத காகித நார்கள் என்பன, மரத்தடிகளுக்கு மாற்றாகக் காகிதக்கூழ் செய்வதற்குப் புல், பயிர்க்கழிவு, தண்டுப்பட்டை, இலை, விதைப்பஞ்சு ஆகியவற்றிலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் நார்களைக் குறிக்கும். கரும்புச் சக்கை, கோதுமை வைக்கோல், நெல் வைக்கோல், மூங்கில், சணல், புளிச்சை, பருத்தி ஆகியன இவற்றுள் முதன்மையானவை. உலகக் கூழ் உற்பத்தியில் இவற்றின் பங்கு இன்று பத்தில் ஒன்றுக்கும் குறைவாகும். எனினும், காகிதத்தின் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் மரமே பிந்தி வந்த மூலப்பொருள் ஆதலால், ‘மாற்று நார்’ என்னும் பெயர் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கே பொருந்துவதாகும்.

வரலாறு

சீனாவின் ஹான் அரசவையில் கி.பி. 105இல் சாய் லுன் அறிவித்ததாகக் கூறப்படும் காகிதம், முசுக்கொட்டைப் பட்டை, கஞ்சாச்செடி நார், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை இடித்துக் கூழாக்கிச் செய்யப்பட்டது. ஜப்பானின் ‘வாஷி’, நேபாளத்தின் ‘லோக்தா’ ஆகிய கைக்காகிதங்கள் பட்டை நாரைக் கொண்டு இன்றும் செய்யப்படுகின்றன. ஐரோப்பியக் காகிதமோ பல நூற்றாண்டுகள் லினன், பருத்திக் கந்தலையே நம்பியிருந்தது. அச்சு பெருகியபோது கந்தலுக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, வேறு மூலப்பொருள்களுக்கான தேடல் தொடங்கியது. குளவிகள் மரநாரை மென்று காகிதம் போன்ற கூடு கட்டுவதைப் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் 1719இல் சுட்டிக்காட்டினார். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஷேஃபர், பலவகைத் தாவரங்களிலிருந்து தாம் செய்த காகித மாதிரிகளை இணைத்து 1765 முதல் பல தொகுதிகளாக நூல் வெளியிட்டார். லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் 1800இல் வைக்கோல் காகிதத்தில் நூல் அச்சிட்டார். 1860ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் தாமஸ் ரௌட்லெட்ஜ், ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் வளரும் எஸ்பார்ட்டோ புல்லை ஆலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். இதற்கிடையில், ஜெர்மனியின் கெல்லர் 1840களில் கண்டறிந்த மரம் அரைக்கும் முறையும், பின்னர் வந்த வேதிமுறைகளும் மரக்கூழை மலிவாக்கியதால், மற்ற நார்கள் பின்தள்ளப்பட்டன. மென்மரக் காடுகள் குறைந்த இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. வங்காள ஆலைகள் சபாய்ப் புல்லைப் பயன்படுத்தின. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மூங்கில் கூழ் பற்றிய ஆய்வுகள் நடந்தன. மூங்கில் காகிதத் தொழிலைக் காக்க 1925இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

நாரின் இயல்பு

காகிதத்தின் வலிமையையும் வழவழப்பையும் பெரிதும் தீர்மானிப்பது நாரின் நீளமாகும். மென்மர நார் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமும் வன்மர நார் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமும் உடையன. வைக்கோல், சக்கை ஆகியவற்றின் நார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை நீண்டு வன்மரத்தை ஒத்திருப்பதால், எழுதவும் அச்சிடவும் ஏற்ற தாளைத் தருகிறது. மூங்கில் நார் இவ்விரு மர வகைகளுக்கும் இடைப்பட்டது. வாழையினத்தைச் சேர்ந்த அபாக்காவின் நீண்ட நார், நனைந்தாலும் கிழியாத தேயிலைப் பைகளுக்கும், பிலிப்பைன்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளின் பணத்தாள்களுக்கும் உதவுகிறது. நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள் புல்வகைகளில் மென்மரத்தைவிடக் குறைவாக இருப்பதால், அவற்றைக் குறைந்த காரத்தில், குறைந்த நேரத்தில் வேகவைத்துக் கூழாக்கலாம்.

இடர்ப்பாடுகள்

இத்தனை தகுதி இருந்தும் இவை பரவாமைக்குக் காரணம் பெரும்பாலும் காகிதத் தொட்டிக்கு வெளியே உள்ளது. மரத்தை வேண்டும்போது வெட்டலாம். வைக்கோலோ அறுவடைக் காலத்தில் மட்டும் சிதறிக் கிடைப்பதுடன், எடை குறைந்து இடத்தை அடைத்துக்கொள்வதால், திரட்டவும் ஏற்றிச் செல்லவும் ஆண்டு முழுவதும் அழுகாமல் சேமிக்கவும் பெருஞ்செலவு ஆகிறது. இரண்டாவது இடர் சிலிக்கா என்னும் மணற்சத்து ஆகும். மரத்தில் மிகச் சிறிதளவே உள்ள இது, நெல் வைக்கோலின் எடையில் பத்து விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. நாரை வேகவைத்தபின் எஞ்சும் கறுப்புக் கழிவுநீரைச் சுண்டவைத்து எரித்து, காரத்தை மீட்பது ஆலைகளின் வழக்கம். சிலிக்கா அந்நீரில் கரைந்து, ஆவியாக்கிகளின் குழாய்களில் கெட்டியாகப் படிந்து மீட்பைத் தடுக்கிறது. மீட்பு வசதியற்ற சிறு ஆலைகள் கழிவுநீரை ஆறுகளில் விட்டதால் ஏற்பட்ட மாசு காரணமாக, சீனா 1990களின் நடுவில் வைக்கோல் கூழாலைகள் பலவற்றை மூடியது.

கரும்புச் சக்கை

இந்தத் தடைகளுள் முதலாவதைப் பெருமளவு கடந்தது கரும்புச் சக்கையாகும். வயலிலிருந்து ஆலைக்குக் கொண்டுவரும் செலவைச் சர்க்கரைத் தொழில் ஏற்றுவிடுவதால், பிழிந்த சக்கை ஓரிடத்தில் மலையெனக் கிடைக்கிறது. ஆயினும் அதில் நாருடன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பஞ்சு போன்ற சோற்றுப்பகுதி கலந்திருக்கும். வலுவில்லாத இப்பகுதி காரத்தை வீணே உறிஞ்சி, கூழிலிருந்து நீர் வடிவதைத் தாமதப்படுத்துவதால், அதை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். கரும்பு அரைவை இல்லாத மாதங்களுக்காகச் சக்கை ஈரமாகவே குவித்து வைக்கப்படுகிறது.

தமிழ்நாடு அரசு 1979இல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் புகளூர் அருகே உள்ள காகிதபுரத்தில் 1980களின் நடுவில் சக்கையிலிருந்து செய்தித்தாள், எழுது தாள் உற்பத்தியைத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலன்களில் எரிபொருளாகப் பயன்படுத்தி வந்ததால், அதை விலை கொடுத்து வாங்குவது மட்டும் போதவில்லை. எனவே அவ்வாலைகளுக்கு நீராவியோ மாற்று எரிபொருளோ அளித்துச் சக்கையைப் பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது. மரமல்லாத நார் ஓர் ஆலையை நடத்தும் அளவுக்கு நிலைபெறுவது, அந்நாரைத் திரட்டும் பொறுப்பை வேறொரு தொழில் முன்னரே ஏற்றிருக்கும் இடத்தில்தான் என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. அத்தகைய திரட்டு முறை போதிய அளவில் அமையாத நெல் வைக்கோல், பஞ்சாப், ஹரியானா வயல்களில் இன்றும் பெருமளவில் எரிக்கப்படுகிறது.