பால்டிமோர் முயல்களும் மயிலாப்பூர் மாத்திரையும்

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால், சென்னையில் அது வெயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வியர்த்துக் கொட்டினால் அக்னி நட்சத்திரம். நெஞ்சு படபடத்தால் காபி. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கிய அலைச்சல். தைராய்டு என்றாலே உடம்பு போடும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதால், இளைப்பவருக்குச் சந்தேகமே எழுவதில்லை. நீட்டிய விரல்களின் மேல் டாக்டர் ஒரு தாளை வைப்பார். தாளின் ஓரம் படபடவென்று துடிக்கும். ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். அடியில் கிடக்கும், தைராய்டு ஹார்மோனான டி4 ஏறியிருக்கும். மயிலாப்பூர் மருந்துக் கடையில் 'நியோமெர்கசோல்' என்று கேட்டு வாங்கும் கார்பிமசோல் மாத்திரை அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறது.

இந்த மாத்திரையைத் தேடி யாரும் புறப்படவில்லை. 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆலன் செஸ்னி வேறொரு நோயை ஆராய முயல்கள் வளர்த்தார். தீனி பெரும்பாலும் முட்டைக்கோஸ். முயல்களுக்குத் தைராய்டு வீங்கிக் கழுத்தில் கழலை வந்தது. (முட்டைக்கோஸ் பொரியலை விட வேண்டுமா என்று இன்றும் கவலைப்படுகிறவர்களுக்கு: அந்த முயல்கள் மாதக்கணக்கில் அதையே பச்சையாகத் தின்றவை. வாரத்தில் ஒரு நாள் வேகவைத்துத் தின்னும் நமக்கு அந்தப் பயம் வேண்டாம்.)

1940-களின் தொடக்கத்தில், அதே ஊரில் மேலும் இரண்டு முறை இதேபோல் நடந்தது. சுவையுணர்வை ஆராய்ந்த கர்ட் ரிக்டர் எலிகளுக்கு ஃபினைல்தயோயூரியா கொடுத்தார். குடல் கிருமிகளை ஆராய்ந்த மெக்கன்சி தம்பதி சல்ஃபாகுவானிடின் கொடுத்தார்கள். இரு இடத்திலும் எலிகளின் தைராய்டு வீங்கியது. வீங்கிய சுரப்பி அதிகம் சுரக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த எலிகளுக்கு ஹார்மோன் குறைந்திருந்தது. குறையை உணர்ந்த, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் சுர' என்று விரட்டியதில்தான் தைராய்டு பருத்திருந்தது. பிட்யூட்டரியை எடுத்துவிட்ட எலிகளுக்கு வீக்கம் வரவில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகன் பாஸ்டனில் இருந்த எட்வின் ஆஸ்ட்வுட். எலிகளுக்குக் கேடாக வந்ததை, மிகையாகச் சுரக்கும் மனிதர்களுக்கு மருந்தாக்கலாமே என்று அவர் யோசித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சோதித்து, 1943-இல் தயோயூரியாவும் தயோயூராசிலும் நோயாளிகளிடம் பலித்ததை வெளியிட்டார். அதுவரை பெரும்பாலோருக்குக் கத்திதான் கதி. 1949-இல் அவர் குழுவிடமிருந்தே மெதிமசோல் வந்தது. 1951-இல் இங்கிலாந்தில் கார்பிமசோல் உருவானது. உடம்புக்குள் போனதும் அது மெதிமசோலாகவே மாறிவிடுகிறது.

அயோடினைப் பிடித்து ஹார்மோனாகக் கோக்கும் நொதியை இம்மாத்திரை முடக்குகிறது. புதிய உற்பத்தி நிற்கும். ஏற்கெனவே சுரப்பியில் சேர்ந்து கிடக்கும் ஹார்மோன் தீரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாள் சாப்பிட்டும் படபடப்பு அடங்கவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் டாக்டர்கள் படபடப்பை அடக்கும் புரோப்ரனலால் சேர்த்துக் கொடுப்பார்கள். சுரப்பியைத் தூண்டிவிடும் எதிர்ப்புப் பொருளை உடம்பே உண்டாக்கும் கிரேவ்ஸ் நோயில், வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை மாத்திரை தொடரும். கருத்தரித்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு வேறு மருந்தை யோசிப்பார்கள்.

தயோயூராசில் காலத்திலேயே தெரிந்துபோன ஓர் ஆபத்தும் உண்டு. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களில், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திடீரென்று சரியும். காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், மழைக்காலத்துச் சளி என்று கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வெள்ளை அணு எண்ணிக்கை பார்த்து, டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.