சுடுதளமும் உணராப் பாதமும்

சித்திரை மாத நண்பகலில் திருவரங்கக் கோயிலின் பிரகாரத்தில் நடப்போரைக் கண்டிருக்கிறோம். கருங்கல் தளம் சுடும். பாதங்கள் தாமாகவே நிழலுக்கு விரையும். சுடுகிறதென்று மனம் அறியுமுன்னரே தண்டுவடம் காலை இழுத்துக்கொள்ள ஆணையிட்டுவிடுகிறது. சேதியை ஏந்திச் செல்வது நரம்பு. நரம்பிழையின் சுவரிலுள்ள நுண்வாயில்கள் திறக்க, வெளியிலிருக்கும் சோடியம் அயனிகள் உட்புகுகின்றன. அதனால் எழும் மின்மாற்றம் அடுத்த வாயிலைத் திறக்கிறது. இங்ஙனம் கைமாறிச் செல்லும் சேதியின் வேகத்தை 1850இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்தார். நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். நம் விரைவு இரயிலின் வேகந்தான்!

இச்சேதி நின்றுபோனால்?

மருத்துவம் இவ்வூருக்குப் புதிதன்று. திருவரங்கத்தில் ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்டதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஆயினும் தொழுநோயின் மருமம் உலகெங்கும் நெடுங்காலம் விளங்காதிருந்தது. தசை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே நம்பினர். கோயில் வாயிலிலும் நம் ஆலய வாயிலிலும் அந்நோயாளர் ஒதுங்கி அமர்ந்திருந்ததை முதியோர் அறிவர். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கிருமியைக் கண்டார். 1884இல் மொலக்காய்த் தீவில் புனித தமியான் கொதிநீரில் பாதம் வைத்தார். தோல் கொப்பளித்தது, வலிக்கவில்லை. தம் மக்களின் நோய் தமக்கும் உற்றதென்பது அவருக்கு உறுதியாயிற்று.

அந்த வலியின்மையே நோயின் திறவுகோல் என்று மெய்ப்பித்தவர், திருச்சிக்கு வடமேற்கேயுள்ள கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். நற்செய்திப் பணியாளரின் மகன். நம் திருச்சபையினர் அல்லர், அதனால் என்ன? 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், நோயாளரின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒருவர் சுடும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருப்பார். இன்னொருவர் காலில் ஆணி தைத்தது தெரியாமல் நடந்திருப்பார். இரவில் விரல் குறைந்தவர்களும் இருந்தனர். காவலிருந்து பார்த்தபோது, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அன்றுமுதல் நோயாளருக்குப் பூனைகள் துணையாயின.

கிருமி, முழங்கை போன்ற குளிர்ந்த இடங்களில் தோலையொட்டி ஓடும் நரம்புகளைச் சிதைக்கிறது. சேதி அறுந்தபின் காயங்கள் கவனிப்பாரற்றுப் பெருகுகின்றன. சாபமென்று ஊரார் ஒதுக்கியது, அறுந்துபோன ஒரு நரம்பையே.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், வலிக்கு மாற்றாக ஒரு கருவி செய்யவும் முயன்றார். கையுறையில் அழுத்தமானிகள் பொருத்தி, ஆபத்து நேருகையில் ஒலியெழுப்பச் செய்தார். எச்சரிக்கையை நோயாளர் பொருட்படுத்தவில்லை. ஒலிக்குப் பதில் மின்னதிர்ச்சி தந்தபோது, வேலை முடியவேண்டுமென்று அவர்கள் கருவியை நிறுத்திவிட்டே வேலையைத் தொடர்ந்தனர்.